ஒரே படை என்னும் கதை

அமெரிக்காவின் கருக்கலைப்பு எதிர்ப்பு இயக்கம் பற்றி ஒரு கூற்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஒரே திட்டத்தோடு ஐம்பது ஆண்டுகள் பொறுமையாக நடந்து, கருக்கலைப்பை அரசியல் சட்ட உரிமையாக்கிய ரோ தீர்ப்பை 2022இல் வீழ்த்திய கட்டுக்கோப்பான படையாம் அது. உள்ளே சச்சரவு இருந்தாலும் பேச்சின் காரம் பற்றித்தானே தவிர, கொள்கை பற்றி இல்லையாம். ஆதரவாளர்கள் பெருமையோடும் எதிர்ப்பாளர்கள் அச்சத்தோடும் சொல்லும் இந்தக் கதையை நடந்த வரலாறு ஏற்பதாக இல்லை.

முதலில் அந்த ‘ஒரே திட்டம்’. 1973இல் ரோ தீர்ப்பு வந்ததும் அரசியல் சட்டத்தைத் திருத்தப் புறப்பட்டார்கள். எப்படித் திருத்துவது என்பதிலேயே பிளவு. கருவின் உயிருக்கு நாடு முழுக்கப் பாதுகாப்பு வேண்டும் என்றது ஒரு தரப்பு. சட்டம் இயற்றும் அதிகாரம் மக்கள் பிரதிநிதிகளிடம் திரும்பினால் இப்போதைக்குப் போதும் என்றது இன்னொன்று. கருக்கலைப்பு உரிமை அரசியல் சட்டத்தில் இல்லை என்று மட்டும் சொல்லும் திருத்தம், 1983 ஜூனில் செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு தேவை. கிடைத்தது 49, எதிர்த்து 50. எந்தப் பக்கமும் சேராமல், அவையில் இருப்பதாக மட்டும் பதிவு செய்த ஒரே உறுப்பினர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ். கருக்கலைப்பை அவரளவுக்குக் கடுமையாக எதிர்த்தவர்கள் அந்த அவையில் குறைவு. கருவைக் காக்காத திருத்தம் அவருக்குப் போதவில்லை.

ஒஹையோவில் 2011இல் இதே கதை திரும்ப நடந்தது. இதயத் துடிப்பு தெரிந்த பிறகு கருக்கலைப்புக் கூடாது என்ற மசோதாவை ஆதரிக்க மறுத்தது, அங்குள்ள முக்கிய எதிர்ப்பு அமைப்பான ‘ஒஹையோ ரைட் டு லைஃப்’. வழக்கில் தோற்றால் ரோ தீர்ப்பு மேலும் வலுப்பெற்றுவிடும் என்பது அதன் கணக்கு.

வெற்றியே ஒற்றுமைக்குச் சான்று என்பார்கள். ரோவை வீழ்த்திய டாப்ஸ் வழக்கு, 15 வாரத்துக்குப் பிந்தைய கருக்கலைப்பைத் தடுத்த மிசிசிப்பிச் சட்டத்தைப் பற்றியது. 2020இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியபோது, ரோவைக் கவிழ்த்தாக வேண்டும் என்று அந்த மாநிலமே கேட்கவில்லை. நீதிபதி கின்ஸ்பர்க் இறந்து அவர் இடத்துக்கு ஏமி பேரட் வந்த பிறகே, 2021இல், அந்தக் கோரிக்கை முன்னுக்கு வந்தது. நீதிமன்றம் மாறியதால் திறந்த வழியை நெடுநாள் திட்டம் என்று சொல்லிவிட முடியாது. வெற்றிக்குப் பிறகும் பிளவு தொடர்ந்தது: 2024இல் கருக்கலைப்பு பற்றிய முடிவை மாநிலங்களுக்கு விட வேண்டும் என்று டிரம்ப் சொன்னபோது, அவருடைய துணை அதிபராக இருந்த மைக் பென்ஸே பகிரங்கமாகக் கண்டித்தார்.

சச்சரவு வெறும் தொனி பற்றியது என்ற வாதம்தான் மிகத் தவறானது. கருக்கலைப்பு செய்யும் மருத்துவர்களைக் கொல்வது நியாயம் என்று வெளிப்படையாக வாதிட்டுவந்த பால் ஹில், 1994 ஜூலையில் பென்சகோலாவில் ஒரு மருத்துவரையும் அவருடன் வந்தவரையும் சுட்டுக் கொன்றார். அந்த ஆண்டு முடிவதற்குள் பாஸ்டனை ஒட்டிய புரூக்லைனில் மருத்துவ மையப் பணியாளர்களான இரண்டு பெண்கள் கொல்லப்பட்டார்கள். மையங்களின் வாசலில் கூடிச் செபிப்பதை நிறுத்திவைக்குமாறு பாஸ்டன் கர்தினால் பெர்னார்ட் லா கேட்டுக்கொண்டார். நியூயார்க் கர்தினால் ஓகானர் அந்த வழிக்கு வரவில்லை. வாசலில் நிற்பதா, விலகுவதா என்ற அந்தக் கேள்விக்குப் பின்னால் பிணங்கள் கிடந்தன. இதைப் பேச்சு நாகரிகம் பற்றிய சச்சரவு என்று சுருக்குவது அநியாயம்.

தண்டனை விஷயத்தில் பிளவு இன்னும் ஆழம். கருவைக் கலைக்கும் பெண் மீதும் கொலைக்குற்றம் சாட்ட வேண்டும் என்பது, ‘ஒழிப்புவாதிகள்’ என்று தங்களை அழைத்துக்கொள்வோரின் நிலை. படிப்படியான சட்டங்களை அவர்கள் துரோகமாகப் பார்க்கிறார்கள். பெண் மீது கொலைக்குற்றம் சாட்ட வழிசெய்யும் மசோதா 2022 மே மாதம் லூசியானா கீழவைக்கு வந்தது. பெண்ணைக் குற்றவாளியாக்கும் எந்தச் சட்டமும் கூடாது என்று எழுபதுக்கும் மேற்பட்ட கருக்கலைப்பு எதிர்ப்பு அமைப்புகள் கூட்டாகக் கடிதம் வெளியிட்டன. தானும் கருக்கலைப்பை எதிர்ப்பவரான ஆளுநர் ஜான் பெல் எட்வர்ட்ஸ் மசோதாவை எதிர்த்தார். கடைசியில் 65க்கு 26 என்ற வாக்கில் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. அந்த மாநிலத்துப் பெண்களைக் கொலை வழக்கிலிருந்து அன்று காத்தது, இல்லை என்று எல்லோரும் சொல்லும் அந்தக் கருத்து வேறுபாடு.