பழைய கணினியை எறிவானேன்?

நம் இல்லங்கள் பலவற்றில் இன்று ஒரு கவலை. பிள்ளைகளின் படிப்புக்கெனச் சேமிப்பைச் செலவிட்டு வாங்கிய கணினி இன்னும் நன்றாகவே இயங்குகிறது. ஆயினும் அதிலுள்ள விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த வழக்கமான பாதுகாப்பு, 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11-ஓ பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை.

புதிது வாங்குக என்கிறது கடைவீதி. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவிடும் குடும்பங்களுக்கு அஃது எளிதன்று. திருட்டுப் பிரதியைப் பதிந்துகொள்வோரும் உளர். பிறர் உழைப்பை விலையின்றிக் கவர்வதைப் பிள்ளைகளின் கண்ணெதிரே செய்துவிட்டு, அவர்களுக்கு நேர்மையை எவ்வாறு போதிப்போம்?

மூன்றாவது வழியொன்று உண்டு. 1983-இல் அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் 'குனு' திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 'லினக்ஸ்' என்னும் கருவை வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்து பிறந்த இயங்குதளங்களை எவரும் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். அவற்றுள் 1993-இல் தோன்றிய 'டெபியன்' எந்த நிறுவனத்தின் உடைமையுமன்று. பல நாட்டுத் தன்னார்வலர் கூடி வளர்ப்பது.

இது நமக்கு அந்நியமானதுமன்று. சி-டாக் என்னும் நடுவண் அரசு நிறுவனத்தின் சென்னைப் பிரிவு, டெபியனை அடித்தளமாகக் கொண்டு 'பாஸ்' இயங்குதளத்தை உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும் அஃது இடம்பெற்றது. அடையாற்றை அடுத்த ஐ.ஐ.டி. வளாகத்தில் சென்னை லினக்ஸ் ஆர்வலர்கள் பல ஆண்டுகள் கூடி, கட்டணமின்றி அறிவைப் பகிர்ந்தனர்.

எதைத் தேர்வது? நெடுநாள் நிலைத்தன்மை வேண்டுவோர் டெபியனையும், விண்டோசின் தோற்றத்திற்குப் பழகியோர் 'மின்ட்' என்பதையும் கொள்ளலாம். நினைவகம் குறைந்த கணினிக்கு 'எக்ஸ்.எஃப்.சி.இ.' என்னும் எளிய திரையமைப்பு ஏற்றது. 2025-இல் வந்த டெபியன் 13-ஐ 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவ இயலாது என்பதையும் நினைவிற்கொள்க.

முதற்கண் படங்களையும் ஆவணங்களையும் வேறொரு வட்டில் படியெடுத்து வைப்போம். பின்னர் பென் டிரைவிலிருந்தே இயக்கி, ஒலி, வைஃபை, அச்சுப்பொறி ஆகியவை இயங்குகின்றனவா எனச் சோதிப்போம். அதுவரை கணினியில் உள்ளது எதுவும் அழியாது. மனநிறைவு ஏற்பட்ட பின்னரே நிறுவுதல் நலம். வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் அமைத்து, பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தாமாகவே வரச் செய்ய வேண்டும். தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தால் பாட்டியும் பேரனுக்குத் தமிழில் மடல் எழுதுவார். கடிதங்களுக்கும் கணக்குகளுக்கும் 'லிப்ரே ஆபீஸ்' போதுமானது.

ஆயினும் ஒரு சொல். கடைக் கணக்கோ அலுவலகப் பணியோ விண்டோசில் மட்டுமே இயங்கும் மென்பொருளை நம்பியிருப்பின், அவசரப்பட்டு மாறுதல் கூடாது. பிழைப்பே முதன்மை.

மாறியோர்க்கும் ஒரு கடமை உண்டு. ஊர்ப் பொதுக்கிணற்றில் நீர் மொள்வோர், அதைத் தூர்வாரும் நாளில் ஒதுங்கி நிற்பதில்லை. கண்ட பிழையைத் தெரிவித்தல், ஒரு சொல்லையேனும் தமிழாக்குதல், அண்டை வீட்டாரின் கணினியைச் சீரமைத்துத் தருதல் ஆகியவை நம் பிள்ளைகளால் இயலும். பெற்றதைப் பகிரும் பழக்கத்தை இளமையிலேயே அவர்கள் கற்கட்டும்!