மூப்படைந்த சீ கிங்: காலதாமதத்தின் விலை

புது தில்லி: மும்பை கொலாபாவில் உள்ள ஐஎன்எஸ் ஷிக்ரா கடற்படைத் தளத்திலிருந்து நெடுங்காலம் பறந்து வந்தவை சீ கிங் 42-பி ரக ஹெலிகாப்டர்கள். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி அழிப்பதற்காக, 1980-களின் இறுதியில் பிரிட்டனின் வெஸ்ட்லேண்ட் நிறுவனத்திடமிருந்து வாங்கப்பட்டவை இவை. 2021 மே மாதம் டவ்தே புயலில் மும்பைக்கு அப்பால் எண்ணெய் வயல் பணிப் படகு மூழ்கியபோது, மீட்புப் பணியில் சீ கிங் ஹெலிகாப்டர்களும் ஈடுபட்டன. அப்போது இந்த ரகம் படையில் சேர்ந்து 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

உலோகத்துக்கும் சோர்வு உண்டு

கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் ஒடிந்து விடுகிறது. பறக்கும் இயந்திரங்களிலும் இதுவே நிகழ்கிறது. சீ கிங்கின் பிரதான சுழலி நிமிடத்துக்குச் சுமார் 200 முறை சுற்றுகிறது. ஒரு மணி நேரப் பறப்பில் ஏறத்தாழ 12 ஆயிரம் முறை அதன் இறக்கைகள் மீதான சுமை ஏறி இறங்குகிறது. கண்ணுக்குப் புலப்படாத விரிசல்கள் இவ்வாறே வளர்கின்றன. கடலின் உப்புக் காற்று அரிப்பை உண்டாக்கி அதை விரைவுபடுத்துகிறது.

சுழலியையும் பற்சக்கரங்களையும் மாற்றலாம்; உடற்கூட்டை அவ்வளவு எளிதில் மாற்ற இயலாது. எனவே ஆயுளை நீட்டிக்கும்போது பரிசோதனைகள் அதிகரிக்கின்றன; பறக்கத் தயாராக இருப்பவற்றின் எண்ணிக்கை குறைகிறது. 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா விதித்த தடையால் உதிரி பாகங்கள் கிடைப்பதும் கடினமாயிற்று.

நீண்ட காத்திருப்பு

16 பலநோக்கு ஹெலிகாப்டர்களுக்கு 2008-ல் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. 2014-ல் அமெரிக்காவின் சிகார்ஸ்கி நிறுவனம் தேர்வாயிற்று. விலையில் உடன்பாடு எட்டப்படாததால் 2017-ல் அம்முயற்சி கைவிடப்பட்டது. 24 சீஹாக் ஹெலிகாப்டர்களுக்கு 2020-ல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, முதல் படைப்பிரிவு 2024 மார்ச்சில் கொச்சியில் தொடங்கப்பட்டது. பிரிட்டனின் படைகளோ தங்கள் சீ கிங்குகளுக்கு 2018-லேயே விடை கொடுத்து விட்டன.

விமானப் படையின் கதையும் வேறல்ல. 1963-ல் சேர்ந்த மிக்-21 ரகம் 2025 செப்டம்பர் 26-ல் சண்டீகரில் ஓய்வு பெற்றது. அத்துடன் போர் விமானப் படைப்பிரிவுகள் 29 ஆகக் குறைந்தன. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 42.

பழைய விமானத்தை நீக்கினால் எண்ணிக்கை குறையும். நீக்காவிட்டால் விமானியின் உயிருக்கு ஆபத்து அதிகரிக்கும். இந்த இக்கட்டு பட்டறையில் உருவானதல்ல; தில்லியில் கோப்புகள் தேங்கியதால் உருவானது. எந்த விமானம் எந்த ஆண்டில் ஓய்வு பெறும் என்பது வாங்கும்போதே ஓரளவு தெரிந்து விடுகிறது. மாற்று விமானத்துக்கான பணியை அந்த ஆண்டிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத் தொடங்குவதே அரசு செய்ய வேண்டியது. உலோகம் கோப்புக்காகக் காத்திருப்பதில்லை.