டொக்... டொக்... டொக்!

முட்டம்னு சொன்னாலே 'அலைகள் ஓய்வதில்லை எடுத்த ஊர்தானே மச்சி!'னு ஹாஸ்டல் பசங்க ஜொள்ளு விடுவாங்க. அவங்களுக்குப் பாறையும் அலையும். எங்களுக்கு உப்பு பாஸ், உப்பு! ஜன்னல் கம்பி, பூட்டு, சைக்கிள் செயின்னு எதையும் விட்டு வைக்காது. இந்த செமஸ்டர் லீவுல அது தின்னது எங்க அப்பா பைக்கோட பின் சக்கர பேரிங்கை.

அப்பா மீன் வியாபாரி. கேரியர்ல ரெண்டு பெட்டி. ஐஸ் உருகி உப்புத் தண்ணியா சொட்டுற இடம், கரெக்டா வீல் ஹப் மேல!

"பொறத்தால ஒரு சத்தம் கேக்கு மக்கா. நீ மெக்கானிக்கல்தான படிக்க... பாரு."

சென்டர் ஸ்டாண்ட் போட்டு டயரை இடமும் வலமும் ஆட்டினேன். டொக்! சுத்திவிட்டா கரகர. நோயைக் கண்டுபிடிச்சாச்சு. மெஷின் டிசைன்ல நல்ல மார்க் வாங்கின திமிர்ல பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். பால் பேரிங் மேல லோடு ரெண்டு மடங்கானா ஆயுள் எட்டுல ஒரு பங்காயிடும். மீன் பெட்டி வெயிட்டை எல்லாம் சேர்த்தாச்சு. உப்புத் தண்ணியை எங்க சேர்க்கிறதுன்னு அந்த ஃபார்முலாவுல இடமே இல்லை!

எங்க வண்டி பேரிங்ல 6301-னு போட்டிருந்துச்சு. கடைசி ரெண்டு எண்தான் ஓட்டையோட அளவு. 00-ன்னா 10 மி.மீ., 01-க்கு 12, 02-க்கு 15, 03-க்கு 17. 04-லேர்ந்து அஞ்சால பெருக்கிக்கோங்க. இது எந்தக் கம்பெனி பேரிங்குக்கும் பொருந்தும். பக்கத்துல ZZ-ன்னு இருந்தா தகரமூடி. தூசியைத் தடுக்கும், தண்ணியைத் தடுக்காது. 2RS-ன்னா ரப்பர் சீல். கடலோர ஊர்க்காரங்க ரப்பரைத்தான் கேட்டு வாங்கணும். நானும் அதைத்தான் வாங்கினேன். அது வரைக்கும் ஹீரோ!

வீலைக் கழட்டி, உள்ளேயிருந்து தட்டி பழசை எடுத்தாச்சு. புதுசை ஹப்ல வெச்சு, நடுவுல சுத்தியலால நாலு போடு. உள்ளே போயிடுச்சு. மெக்கானிக் கூலி மிச்சம்னு அம்மாகிட்ட பந்தா வேற.

பத்தாவது நாள் விடியக்காலையில அம்மாண்டிவிளை தாண்டினதும் சக்கரம் ஆட ஆரம்பிச்சு, வண்டி நின்னே போச்சு. ஐஸ் உருகிட்டு இருக்கு. வேற வழியில்லாம ரோட்டோரத்துலயே பாதி விலைக்கு மீனைத் தள்ளிட்டு, வண்டியை உருட்டிக்கிட்டே வந்தார் அப்பா. ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மெக்கானிக் அண்ணன் பேரிங்கைக் கழட்டி கையில வெச்சுச் சுத்திப் பாத்தார்.

"நடுவுல அடிச்சியாலே?"

அவ்வளவுதான் மேட்டர். ஹப்ல இறுக்கமா உட்கார்றது வெளி வளையம். உள் வளையத்துல அடிச்சா, அந்த அடி முழுக்க குண்டுகள் வழியாத்தான் வெளியே போகும். ஒவ்வொரு குண்டும் வளையத்துல ஒரு பள்ளம் போட்டுடும். வெளியில பாத்தா புதுசு, உள்ளே குண்டும் குழியுமான ரோடு! பழைய பேரிங்கையே மேல வெச்சு, வெளி வளையம் மட்டும் அடி வாங்குற மாதிரி சுத்திச்சுத்தி பைய தட்டணும். அதே பேரிங்கை ஷாஃப்ட்ல இறுக்கமா ஏத்துறதா இருந்தா கதை தலைகீழ், உள் வளையத்துலதான் தட்டணும்.

இன்னொண்ணும் காட்டினார். ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல ஒரு குட்டிக் குழாய் இருக்கும், ஸ்பேசர். அதை மறந்துட்டு ஆக்ஸில் நட்டை முறுக்கினா உள் வளையங்கள் ரெண்டும் பக்கவாட்டுல நெரிபடும், பேரிங் காலி. (நல்லவேளை, அதை நான் மறக்கலை!) வெளிநாட்டுல உட்கார்ந்து ஓட்டிக்கிட்டே புல் வெட்டுற வண்டி இருக்குல்ல... அதுல பிளேடு சுத்துற ஸ்பிண்டில்லயும் பெரும்பாலும் இதே செட்டப்தான். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, நடுவுல குழாய்.

ரெண்டாவது தடவை அண்ணன் கையைக் கட்டிக்கிட்டு நிக்க, நான்தான் மாட்டினேன். மீன் பெட்டிக்கு அடியில ஒரு டியூப் சொருகி, தண்ணி ஹப்ல விழாம நம்பர் பிளேட்டுக்குப் பின்னாடி போற மாதிரியும் பண்ணிட்டேன்.

அப்பா ஒரு ரவுண்டு போயிட்டு வந்து, "கொள்ளாம்"னார். ஒரே வார்த்தை.

ஆனா, இப்பவும் தினம் காலையில கிளம்புறதுக்கு முன்னாடி குனிஞ்சு, பின் டயரைப் பிடிச்சு ஒரு தடவை ஆட்டிப் பாத்துட்டுத்தான் கிக்கரை உதைக்கிறார்.