மைனாவா வந்தேறி?

கொஞ்ச நாளாகப் பாரதி பூங்காவுக்குக் கேமராவும் கையுமாக வருகிற பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். நல்ல விஷயந்தான். ஆனால் புல்தரையில் மைனா நடந்தால் கேமராவைத் திருப்பிக்கொள்கிறார்கள். கேட்டால், "அது ஆக்கிரமிப்புப் பறவை அங்கிள், உலகத்திலேயே மோசமான நூறில் ஒன்று" என்று செல்போனைக் காட்டுகிறார்கள்.

பட்டியல் பொய்யில்லை. 2000இல் ஐ.யூ.சி.என். வெளியிட்டது. அந்நிய மண்ணில் புகுந்து கேடு செய்யும் 100 உயிரினங்களின் பட்டியல் அது. அந்த 'அந்நிய மண்ணில்' என்பதை விழுங்கிவிட்டுப் படித்தால் எப்படி? ஆஸ்திரேலியாவில் மைனா வந்தேறி. அங்குள்ள பறவைகளின் பொந்துகளைப் பிடித்துக்கொள்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது தானாகவா அங்கே பறந்து போயிற்று? பூச்சி தின்னட்டும் என்று 1862இல் மெல்போர்னில் கொண்டுபோய் விட்டவன் மனிதன். அதற்கு நூறு வருஷம் முன்பே ரெயூனியோன் தீவுக்கு வெட்டுக்கிளி பிடிக்க அனுப்பினார்கள். (பிற்பாடு நம்மூர் ஆட்களையும் அதே தீவுக்குக் கரும்பு வெட்டக் கப்பலேற்றினார்கள். அது தனிக் கதை.) வேலைக்கென்று கொண்டுபோய்விட்டு, பெருகிவிட்டாயே என்று அதன்மேல் பழி போடுவது என்ன நியாயம்?

பெயர் வைத்ததிலும் அநியாயந்தான். பிரெஞ்சில் இது 'மர்த்தேன் த்ரீஸ்த்'. த்ரீஸ்த் என்றால், என்னோடு படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சோகம். லத்தீனிலும் 'திரிஸ்திஸ்'. 1766இல் அப்படி எழுதிய லின்னேயஸ் இந்தியப் பக்கமே வராதவர். மஞ்சள் மூக்கும், கண்ணோரம் மஞ்சள் தீற்றலும், தலையை ஆட்டி ஆட்டி ஜமீன்தார் நடையுமாகப் போகிற இதுவா சோகம்? சாயங்காலம் மரத்தில் கூடி இவை போடும் கூச்சலைக் கேட்டிருக்கிறீர்களா? சம்பள நாளன்று எங்கள் ஆபீசில்கூட அவ்வளவு இரைச்சல் கிடையாது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. 1760இல் பிரிசோன் என்ற பிரெஞ்சுக்காரர் இதைப் பற்றி முதலில் எழுதியபோது ஊரைப் பிலிப்பைன்ஸ் என்று போட்டுவிட்டார். பின்னால் வந்த அறிவியலாளர்கள் கோப்பைத் திருத்தினார்கள். இந்த இனத்துக்கு இன்று அறிவியல் பதிவில் உள்ள மூல ஊர் எது தெரியுமா? புதுச்சேரி! சொந்த ஊர்ப் பூங்காவிலேயே அதை ஆக்கிரமிப்பாளன் என்கிறோம்.

பூங்காவில் எத்தனையோ அறிவிப்புப் பலகைகள்: புல்லை மிதிக்காதே, பூவைப் பறிக்காதே. இந்தத் தகவலுக்கும் ஒன்று வைக்கட்டும். தமிழிலும் பிரெஞ்சிலும் வாசகம் எழுதிக் கொடுக்க நான் தயார்.