திரையில் தெரியும் எண், அறிக்கையில் ஏன் இல்லை?

கேத் லேபில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் மருத்துவரும் டெக்னீஷியனும் ஈய மேலங்கியோடு, கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜும் அணிந்திருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்ஜ் ஆய்வகத்துக்குப் போகும். அவர்கள் மேல் பட்ட கதிர்வீச்சுக்குக் கணக்கு வரும். ஓர் ஆண்டில் 30 மில்லி சீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. இத்தனைக்கும் அவர்கள் மேல் படுவது பெரும்பாலும் நோயாளியின் உடலில் பட்டுச் சிதறிய கதிர்தான். நேரடிக் கதிரை வாங்குபவர் மேசையில் படுத்திருப்பவர். அவர் கைக்குத்தான் கணக்கு வருவதில்லை.

நோயாளிக்கு உச்சவரம்பு இல்லாதது தவறல்ல. அடைபட்ட ரத்தக் குழாயைத் திறந்துகொண்டிருக்கும்போது 'கோட்டா முடிந்தது' என்று கருவியை அணைக்க முடியாது. ஆனால், வரம்பு வேண்டாம் என்பது வேறு, பதிவு வேண்டாம் என்பது வேறு.

பெரும்பாலான ஆஞ்சியோக்களில் தோல் பாதிக்கப்படும் அளவுக்குக் கதிர் சேர்வதில்லை. முற்றிலும் அடைத்த குழாயோடு மணிக்கணக்கில் போராடும்போதும், சில வாரங்களில் மறுபடி மேசையேறும்போதும்தான் சிக்கல். ஒரே இடத்தில் 2 கிரே அளவுக்குக் கதிர் சேர்ந்தாலே தோல் சிவக்கலாம். 1990-இல் அமெரிக்காவில் 40 வயதுக்காரர் ஒருவருக்கு ஒரே நாளில் ஆஞ்சியோகிராம், ஆஞ்சியோபிளாஸ்டி, மீண்டும் ஆஞ்சியோகிராம் நடந்தன. முதுகில் சிவப்பாகத் தொடங்கியது, பல மாதங்கள் கடந்து தோல் ஒட்டுவதில் போய் நின்றது. இத்தகைய பாதிப்புகளைப் பார்த்துத்தான் அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் 1994-இல் எச்சரிக்கை விடுத்தது.

எக்ஸ்ரே குழாய் பெரும்பாலும் மேசைக்குக் கீழே இருப்பதால் புண் வருவது நோயாளி பார்க்க முடியாத முதுகில். வருவதும் உடனே அல்ல, வாரங்கள் கழித்து. அதற்குள் இதய மருத்துவர் நினைவிலிருந்தே போயிருப்பார். படர்தாமரை என்று மருந்துக்கடையில் களிம்பு வாங்குவார்கள்; தோல் மருத்துவரிடம் போனாலும், ஆஞ்சியோ செய்ததை யார் சொல்வது? சந்தேகப்பட்டுச் சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தால், அந்தக் கீறலே ஆறாத புண்ணாகலாம்.

எத்தனை நிமிடம் எக்ஸ்ரே ஓடியது என்று மட்டும் குறித்துவைப்பது போதாது. பருமனானவருக்குக் கருவி தானாகவே கதிரைக் கூட்டும். படத்தைப் பதிவுசெய்யும்போது அளவு பல மடங்கு ஏறும். நிமிடக் கணக்கில் இவை தெரியாது. அமெரிக்காவில் 2006-லிருந்து வரும் புதிய கருவிகள் திரையிலேயே கிரே கணக்கில் மொத்த அளவைக் காட்ட வேண்டும். குறிப்பிட்ட ஒரு புள்ளியில் கணக்கிடப்படுவதால் தோல் வாங்கிய துல்லியமான அளவு அதுவல்ல, உண்மைதான். இருந்தும், 5 கிரேயைத் தாண்டியவரைப் பின்னர் அழைத்து முதுகைப் பார்க்க வேண்டும் என்று முடிவெடுக்க அந்த எண் போதும்.

நோயாளி பயந்துவிடுவார், வழக்குப் போடுவார் என்பது மருத்துவர்கள் தரப்பு அச்சம். காரணம் தெரியாத புண்ணோடு ஊர் ஊராக அலைபவருக்குக் கோபம் குறைவாக வரும் என்று அவர்கள் எப்படி நம்புகிறார்களோ!

2017-இல் ஸ்டென்ட்டுக்கு விலை உச்சவரம்பு வந்தபோது, அதன் பிராண்ட், பேட்ச் எண் உள்ளிட்டவற்றைப் பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்று உத்தரவானது. மருத்துவமனைகள் பழகிக்கொண்டன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் ஆஞ்சியோபிளாஸ்டி உண்டு. பணம் கோரும் படிவத்தில் கதிர் அளவுக்கு ஒரு கட்டம் வைத்து, அதை நிரப்பினால்தான் தொகை என்று அரசு சொன்னால் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அந்த எண் தானாக ஏறிவிடும்.