காலாவதி ஆகாத நோட்டு

மௌனியிடம் 'கதை' இல்லை என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்பவர்களுடைய காதல் தோல்விக் கதைகளில் கதைக்குப் பஞ்சமே இல்லை. சந்திப்பு, குறுக்கே சாதி அல்லது மாமன் மகன், கல்யாணப் பத்திரிகை. பத்து வருஷம் கழித்து பஸ் நிலையத்தில் அவள், இடுப்பில் குழந்தை, குழந்தைக்கு அவன் பெயர். இந்தச் சரக்கு திருப்பூருக்கு வந்தால் அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பாள். மற்றபடி அச்சு மாறாது.

இவற்றில் ஒன்றையடுத்து ஒன்று நடக்கிறது. ஒன்றினால் ஒன்று நடப்பதில்லை. பஸ் ஐந்து நிமிஷம் முந்திப் புறப்பட்டிருந்தால் முடிவே கிடையாது. இதைக் கதைப்பின்னல் என்று நான் ஒப்ப மாட்டேன்.

1937இல் மணிக்கொடியில் வந்த 'அழியாச்சுடர்' கதையைப் பாருங்கள். கோயிலில் ஒரு சிறுமியைப் பார்த்தவன், அவளுக்காக எதையும் செய்வதாகச் சொல்கிறான். ஒன்பது வருஷம் கழித்து, கோயிலில் மறுபடி அவள். இதை நண்பனிடம் சொல்லிவிட்டு எங்கோ போய்விடுகிறான். பிரித்துவைக்க அப்பனும் இல்லை, சாதியும் இல்லை. இரண்டாவது சந்திப்பும் தற்செயல்தானே என்பீர்கள். ஆமாம். ஆனால் அது கதையை முடித்துவைக்க வரவில்லை. பழைய சொல்லைத் திருப்பிக் கேட்க வருகிறது. இழப்புக்குக் காரணம் வெளியில் இல்லை, அவன் சொன்ன சொல்லில் இருக்கிறது.

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது சட்டென்று புரியும். புரோநோட்டு மூன்று வருஷத்தில் காலாவதி. இந்த நோட்டு ஒன்பது வருஷமாகியும் செல்லுபடியாகிறது. பின்னாளில் சிதம்பரத்தில் அரிசி மில் நடத்திய மௌனி கொடுக்கல் வாங்கல் அறியாதவரல்ல.

அந்தப் பெண்ணின் மனசில் என்ன இருந்தது என்று கதை கேட்பதில்லை. குறைதான். மௌனியைத் தாண்ட நினைப்பவன் அங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும். பஸ் நிலையத்திலிருந்து அல்ல.

இருபத்துநாலு வயதில் நானும் அப்படி ஒன்று எழுதினேன். கடைசிப் பாராவில் அவளை அழவைத்தேன். நிஜத்தில் அவள் ஒருநாள் என் கவுண்டருக்கு வந்தாள். சீட்டை நீட்டினாள், பத்து ரூபாய் நோட்டுகளாகக் கேட்டாள், எண்ணிப் பார்த்தாள், போனாள். என்னை அடையாளம் தெரிந்ததா என்றுகூடத் தெரியவில்லை. அவளுக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். கதையில் அதை மட்டும் எழுதவில்லை. அதை மறைக்கத்தான் எனக்கு அந்த பஸ் நிலையமும் குழந்தையும் தேவைப்பட்டன.