பிரஷர் குளிசையும் கழுத்துச் சுரப்பியும்



தலவாக்கலைப் பக்கத்துத் தாய்மாரில் பிரஷருக்குக் குளிசை குடிப்பவர்கள் பலர். அம்லோடிபின், நிபெடிபின் போன்ற குளிசைகளைக் ‘கல்சியம் தடுப்பிகள்’ என்பார்கள். இந்தப் பெயரைக் கேட்டதும், “எலும்பிலுள்ள கல்சியம் கரைந்துவிடுமா? பால் குடிக்கலாமா?” என்று சிலருக்குப் பயம் வருகிறது. குளிசையையே நிறுத்தி விடுபவர்களும் உண்டு.

அப்படிச் செய்யாதீர்கள். இரத்தக் குழாயின் தசைக்குள் கல்சியம் நுழையும்போது குழாய் இறுகுகிறது. அந்த வாசலைத்தான் இக்குளிசை அடைக்கிறது. குழாய் தளர, பிரஷர் இறங்குகிறது. எலும்பின் கல்சியம் இதனால் கரைவதில்லை. பாலும் குடிக்கலாம்.

இரத்தத்தில் கல்சியத்தின் அளவைக் காப்பவை பரா தைரொயிட் சுரப்பிகள். கழுத்தில், தைரொயிட்டுக்குப் பின்னால், பருப்பளவில் பொதுவாக நான்கு இருக்கும். 1849 இல் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை ஆராய்ந்தபோதுதான் ரிச்சர்ட் ஓவன் இச்சுரப்பியைக் கண்டார். மனிதரில் இதை 1880 இல் விவரித்தவர் சுவீடன் நாட்டு இவார் சான்ட்ஸ்ட்ரோம்.

கல்சியம் குறைந்தால் இவை ஹோர்மோனைக் கூட்டிச் சுரந்து, எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கும். கூடினால் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். சுரப்பியில் கட்டி வந்தால் இந்த ஒழுங்கு கெட்டு, கல்சியம் கூடிய பின்பும் ஹோர்மோன் ஊறும். எலும்பு வலி, சிறுநீரகக் கல், மலச்சிக்கல், தீராத களைப்பு எல்லாம் இதனால் வரலாம். மாதவிடாய் நின்ற பெண்களிடமே இது அதிகம். பெரும்பாலும் இது புற்றுநோயன்று.

அப்படியானால் பிரஷர் குளிசை இந்தச் சுரப்பை அடக்குமா? ஆய்வாளர்களும் சோதித்தார்கள், முடிவுகள் ஒன்றுபோல் அமையவில்லை. வேறு பல சுரப்பிகளில் கல்சியம் உள்ளே நுழைந்தால் சுரப்பு கூடும், இங்கோ தலைகீழ். இரத்தக் கல்சியத்தை அறிவது கலத்தின் வெளிப்புறத்திலுள்ள ஓர் உணரி. அதன் அமைப்பு 1993 இல் வெளியானது. அந்த உணரி வேறு, குளிசை அடைக்கும் வாசல் வேறு. ஆகவே இக்குளிசை இக்கட்டிக்கு மருந்தாகாது. கட்டியை அகற்றும் சத்திரசிகிச்சையே நோயைத் தீர்க்கும்.

சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வந்தால், எலும்பு வலி விடாமலிருந்தால், இரத்தத்தில் கல்சியம் பார்க்க வேண்டுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். பிரஷருக்கே கொடுக்கப்படும் தயசைட் வகைக் குளிசை, அதாவது சிறுநீரைக் கூட்டும் குளிசை, இரத்தக் கல்சியத்தைச் சற்று உயர்த்தக்கூடும். எனவே கிளினிக் போகும்போது குடிக்கும் குளிசைகள் அனைத்தையும் பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வைத்தியர் சொல்லாமல் ஒன்றையும் நிறுத்தாதீர்கள்.